விமானத்தில் வருபவரை அழைத்து வர எப்போது புறப்படுவது?

கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள் விமானத்தில் வருகிறாள். மாக் மண்டினிலிருந்து நாம் எப்போது காரை எடுப்பது? இறங்கும் நேரத்தைப் பார்த்துக் கிளம்பினால், அவள் வாசலில் தனியே காத்து நிற்க வேண்டியதுதான்.

சீட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்றிருக்கும். அவ்வளவும் பறக்கும் நேரமன்று. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதிலே சேர்ந்ததுதான். உள்நாட்டுப் பயணமாதலால் கடப்பிதழ்ச் சோதனை இல்லை. பெட்டி வர இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்குத் தொல்லை வானத்திலன்று, பாலத்தில். விமான நிலையம் தீவின் தெற்கே, பாயான் லெப்பாஸில் இருக்கிறது. 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் நீளப் பினாங்குப் பாலத்தைக் கடந்து அங்கே போக, நெரிசல் இல்லாவிட்டால் முக்கால் மணி. காலையில் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போவோர் நம்மோடு அதே திசையில் போவார்கள். அப்போது இருமடங்கும் ஆகலாம். மாலையில் அந்த நெரிசல் திரும்பி வரும்போதுதான்.

ஆகவே, மகள் இருக்கையில் அமர்ந்ததும் கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். பகலில் அதற்கு அரை மணி கழித்துப் புறப்படலாம். காலையிலோ, செய்தி வந்தவுடனே கிளம்பிவிடுங்கள். விமானம் ஏறத் தாமதமானால் செய்தியும் தாமதமாகும். வீண் அலைச்சல் இல்லை.

நிபோங் திபால் பக்கத்துத் தோட்டங்களில் இருப்போருக்கு 2014இல் திறந்த 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலமே பக்கம்.