மறைத்து வைக்கும் நோய்

விடியுமுன் லயத்து அடுப்பை மூட்டிப் பிள்ளைகளுக்கு உணவு ஆக்கி வைத்துவிட்டு, கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறும் பெண்களை ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் நாள்தோறும் காணலாம். அவர்களுள் சிலர் சேலைக்குள்ளே ஒரு பழந்துணியை இறுகக் கட்டியிருப்பர். கீழே இறங்கும் கர்ப்பப்பையைத் தாங்குவதற்கு அவர்களே கண்ட உபாயம் அது. வெட்கத்தால் கணவனிடமும் சொல்வதில்லை, வைத்தியரிடமும் சொல்வதில்லை.

கர்ப்பப்பை இறக்கம் என்பது யாது? இடுப்பெலும்புக் கூட்டின் அடியிலே தசைகளும் தசைநார்களும் சேர்ந்து, கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்கி நிற்கின்றன. பிள்ளையைத் தாங்கும் ஏணைத் துணி நாளடைவில் தொய்வதுபோல இத்தாங்கலும் தளரும்போது உறுப்புக்கள் கீழிறங்குகின்றன. அடிவயிற்றில் பாரம், இடுப்புவலி, இருமினால் சிறுநீர் கசிதல், ஏதோ வெளியே தள்ளுவது போன்ற உணர்ச்சி ஆகியன இதன் குறிகள். மாலையில் கூடும்; படுத்தால் குறையும்.

பல பிரசவங்களும், நெடுநேரம் நீடித்த பிரசவ வேதனையும் இத்தளர்ச்சிக்கு முதற் காரணங்கள். மாதவிடாய் நின்றபின் தசைகள் மேலும் வலிமை குன்றும். செங்குத்தான சரிவிலே நனைந்த கொழுந்தைச் சுமத்தல், தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் தூக்குதல், அடுப்புப் புகையால் வரும் தீராத இருமல், மலச்சிக்கல் ஆகிய ஒவ்வொன்றும் வயிற்றினுள் அழுத்தத்தைப் பெருக்கி, தளர்ந்த தாங்கலை மேலும் தாழ்த்துகின்றது. ஆகவே இது எவருடைய ஒழுக்கக் குறைவாலும் வருவதன்று, புற்றுநோயுமன்று.

அறுவைச் சிகிச்சை ஒன்றே வழி என்று அஞ்சி ஒளிப்போர் பலர். இறக்கம் சிறிதாயின் பயிற்சியே நற்பயன் தரும். 1948ஆம் ஆண்டில் ஆர்னல்ட் கேகல் என்னும் அமெரிக்க வைத்தியர் இதனை விளக்கி எழுதினார். சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசைகளை உள்ளிழுத்து, மூச்சை அடக்காமல் சில விநாடிகள் நிறுத்தி, பின் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குப் பத்துத் தடவையாக நாளொன்றுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதங்கள் செய்தல் வேண்டும். கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போதும் இதனைச் செய்யலாம். அருகில் நிற்பவருக்கும் தெரியாது.

அடுத்தது வளைய வைத்தியம். பெசரி எனப்படும் இவ்வளையத்தைப் பிறப்புறுப்பின் உள்ளே பொருத்தினால், அது இறங்கிய உறுப்பை மேலே தாங்கிக்கொள்ளும். பண்டைக் கிரேக்கர் பாதி மாதுளம்பழத்தை இதற்குப் பயன்படுத்தினர். இன்றைய வளையம் மென்மையான சிலிக்கனால் ஆனது. பயிற்சி பெற்றவர் அளவு பார்த்துப் பொருத்தியபின், நடந்தும் குந்தியும் இருமியும் பார்க்க வேண்டும். சிறுநீர் தடையின்றிக் கழிகின்றதா என்றும் அறிய வேண்டும். அளவு சரியாயின் வளையம் இருப்பதே தெரியாது. முதல் அளவு பொருந்தாவிடில் வேறோர் அளவு பொருந்தக்கூடும். கருத்தடைக்கு வைக்கும் லூப் வேறு, இவ்வளையம் வேறு.

வளையத்தை வைத்தபின் மறந்துவிடுவதே பேராபத்து. சில மாதங்களுக்கொரு முறை அதனை எடுத்துக் கழுவி, உள்ளே புண் உண்டா என்று பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் விட்டால் சதையை அரித்துவிடும். ஆதலின் அடுத்த தவணைத் திகதியைக் கிளினிக் அட்டையில் எழுதுவித்து, வீட்டில் ஒருவருக்கேனும் சொல்லி வைத்தல் நன்று. துர்நாற்றம், இரத்தப்போக்கு, வலி, சிறுநீர் அடைப்பு ஆகியவற்றுள் எது தோன்றினும் தவணைக்குக் காத்திராமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். இவ்வழிகளால் குணம் காணாதவர்களுக்கே சத்திரசிகிச்சை.

யாரிடம் சொல்வது? தோட்டத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் போதும். 1996ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. அங்கே சோதித்தபின் பெண்நோயியல் நிபுணரிடம் அனுப்புவர். டிக்கோயா வைத்தியசாலைக்கு 2017இல் இந்திய உதவியுடன் புதிய கட்டிடமும் திறக்கப்பட்டது. ஆனால் சொல்லாத நோய்க்கு எந்தக் கட்டிடமும் மருந்தாகாது.

பாரம் தூக்காதே என்று கூறுவது எளிது. கொழுந்தின் நிறையைக் கொண்டே கூலி பெறும் பெண்ணுக்கு அது எளிதன்று. ஆகையால் பொறுப்பு அவளுக்கு மட்டும் உரியதன்று. தண்ணீர்க் குடத்தைக் கணவனும் மகனும் தூக்கலாம். கூடை நிரம்பி வழியுமுன் நிறுத்துக்கொள்ளத் தோட்டத்தார் வழி செய்யலாம். சட்டம் அளிக்கும் 12 வாரப் பிரசவ விடுமுறையில் தாய் உண்மையாகவே ஓய்வு கொள்ள வேண்டும். வீட்டுச் சுமைகள் அதனை விழுங்கலாகாது. சுமை தூக்கும் மலைநாட்டுப் பெண்களிடையே இந்நோய் மிகுந்த நேபாளத்தில், 2008ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமே இதனைப் பெண்களின் உரிமைக்குரிய விடயமாகக் கொண்டு, சிகிச்சைக்கு வழி செய்யுமாறு அரசைப் பணித்தது.

இருமலுக்கு மருந்து கேட்பதில் வெட்கமில்லை. கர்ப்பப்பை இறக்கத்துக்கு மருந்து கேட்பதிலும் வெட்கமில்லை. இதனை லயத்தில் ஒருத்தி வாய்திறந்து சொன்னால், அடுத்த காம்பராவில் மறைத்து வாழ்பவளுக்கும் வழி பிறக்கும்.