பிராட்டன் வராத இரவு

1979 மார்ச் 28 இரவு. பிரிட்டன் மக்களவையில் ஜேம்ஸ் காலகனின் தொழிற்கட்சி அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம். எண்ணி முடித்தபோது ஆதரவு 311, எதிர்ப்பு 310. ஒரே வாக்கில் அரசு கவிழ்ந்தது. மே மாதத் தேர்தலில் மார்கரெட் தாட்சர் ஆட்சிக்கு வந்தார்.

அந்த ஒரு வாக்கு யார்க்‌ஷயரில் படுத்த படுக்கையாகக் கிடந்தது. பேட்லி, மோர்லி தொகுதியின் உறுப்பினர் சர் ஆல்ஃபிரட் பிராட்டன், 76 வயது, தானே ஒரு மருத்துவர். அவர் வந்திருந்தால் 311-க்கு 311. சரிசமமானால் சபாநாயகர் மரபுப்படி உள்ளதை மாற்றாத பக்கம் வாக்களிப்பார், அரசு பிழைத்திருக்கும்.

நோயாளி உறுப்பினர் அவைக்குள் நடந்து வரவேண்டும் என்றுகூட அன்று இல்லை. ஆம்புலன்ஸ் நாடாளுமன்ற முற்றத்தில் வந்து நின்றால் போதும். உள்ளே இருப்பவருக்கு உயிர் இருக்கிறதா என்று கொறடாக்கள் பார்த்துக்கொள்வார்கள். வாக்கு கணக்கில் சேரும். ஆனால் அந்த முற்றம் வரைக்கும் வரவேண்டுமே! வழியிலேயே உயிர் போய்விடலாம் என்ற நிலை. அவரை அழைத்துவர வேண்டாம் என்று காலகன் முடிவெடுத்தார். ஆட்சி போனது. ஐந்தாம் நாள், ஏப்ரல் 2 அன்று, பிராட்டன் காலமானார். அதிகாரத்தில் இருப்பவர் எடுத்த முடிவுகளில் இதை நான் மிக உயர்வாக வைப்பேன்.

அதே இரவில் இன்னொன்றும் நடந்தது. ஒரு தரப்பில் ஒருவர் வர முடியாவிட்டால் எதிர்த்தரப்பில் ஒருவர் வாக்களிக்காமல் ஒதுங்கி ஈடுகட்டுவது அங்கே பழைய வழக்கம். தொழிற்கட்சிக் கொறடா வால்டர் ஹாரிசன், கன்சர்வேட்டிவ் கொறடா பெர்னார்ட் வெதரிலிடம் அதைக் கேட்டார். நம்பிக்கை வாக்கெடுப்புக்கு அந்த வழக்கம் பொருந்தாது என்ற வெதரில், ஹாரிசனுக்குக் கொடுத்த வாக்குறுதியைக் காக்கத் தானே ஒதுங்கிக்கொள்வதாகச் சொன்னார். அதோடு அவருடைய அரசியல் வாழ்வே முடிந்திருக்கும். ஹாரிசன் அதை ஏற்கவில்லை. வேண்டாம் என்று விடுவித்துவிட்டார்.

அந்த நாணயம் பின்னாளில் தேய்ந்தது. 2018 ஜூன் மாதம் பிரெக்சிட் வாக்கெடுப்பில் முற்றத்துச் சலுகையும் மறுக்கப்பட்டது. பேட்லிக்கு அருகிலுள்ள பிராட்ஃபோர்டின் உறுப்பினர் நாஸ் ஷா கடும் நரம்பு வலியோடு, மார்ஃபின் மயக்கத்தில், சக்கர நாற்காலியில் அவைக்குள் தள்ளிக்கொண்டு வரப்பட்டார். வாந்தி வந்தால் பிடிக்கக் கையில் ஒரு வாளி. அடுத்த மாதம், கைக்குழந்தையோடு வீட்டில் இருந்த உறுப்பினர் ஜோ ஸ்வின்சனுக்கு ஈடாக ஒதுங்கியிருக்க வேண்டிய கன்சர்வேட்டிவ் உறுப்பினர் வாக்களித்துவிட்டார். பிறகு மன்னிப்பு கேட்டார்கள். அதன்பின் அந்த வழக்கத்தை யார் நம்புவார்கள்? 2019 ஜனவரியில் உறுப்பினர் துலிப் சித்திக் தன் சிசேரியனையே தள்ளிப்போட்டு, நிறைமாத வயிற்றோடு சக்கர நாற்காலியில் இன்னொரு பிரெக்சிட் வாக்கெடுப்புக்கு வந்தார். அன்று அரசு 230 வாக்கு வித்தியாசத்தில் தோற்றது.

அந்த மாதமே சபை அசைந்தது. குழந்தை பெற்றவர்கள் சார்பில் இன்னொரு உறுப்பினர் வாக்களிக்கலாம் என்று விதி வந்தது. 2022-இல் அதை நீண்டகாலக் கடும் நோய்க்கும் விரித்தார்கள். நல்ல மனிதர் இருவர் கொறடாவாக வாய்த்தால்தான் நோயாளிக்கு நியாயம் என்றிருந்த நிலையை எழுதிய விதி மாற்றியது. எனக்கு இதில் பெரிய நிம்மதி. நோயில் விழுபவர் உறுப்பினர் ஒருவர்தான். வாயடைத்துப் போவது அவரைத் தேர்ந்தெடுத்த ஒரு தொகுதி முழுவதும்.

இன்றைய விதி அன்று இருந்திருந்தால், பிராட்டன் பெயரிலும் ஒரு சகா வாக்களித்திருப்பார். யார்க்‌ஷயரில் அவர் தன் படுக்கையிலேயே இருந்திருப்பார்.