குளிர் நாட்டு வாசலில் வாழை

நம் ஊரில் வாய்க்கால் ஓரத்தில் தானாக மண்டிக் கிடக்கும் சேம்பை இங்கிலாந்தில் தொட்டியில் வைத்துக் கொஞ்சுகிறார்கள். குப்பைமேட்டு ஆமணக்கை ஆண்டுதோறும் விதை போட்டு, கண்ணாடி வீட்டுக்குள் நாற்றாக்கி, குளிர் முழுதும் விலகிய பிறகே மண்ணில் நடுகிறார்கள். தெருவில் போகிறவர் வாசலைத் திரும்பிப் பார்த்தால் மழைக்காட்டின் ஓரத்தில் நிற்பதுபோல் ஒரு கணம் மயங்க வேண்டும். இத்தனை பாடும் அந்த ஒரு கணத்துக்காகத்தான்.

இந்த ஆசைக்கு வயது அதிகம். 1860களிலேயே லண்டனின் பேட்டர்ஸி பூங்காவில் ஜான் கிப்சன் இப்படியொரு தோட்டத்தை அமைத்து ஊரையே வேடிக்கை பார்க்க வைத்தார். இளமையில் செடிகளைத் தேடி மேகாலயாவின் காசி மலைகள்வரை வந்து போனவர் அவர். நம் காலத்தில் பெயர் பெற்றது சசெக்ஸில் உள்ள கிரேட் டிக்ஸ்டர் தோட்டம். அதன் அப்போதைய உரிமையாளர் கிறிஸ்டோபர் லாயிட், தோட்டக்கலைஞர் ஃபெர்கஸ் காரெட்டுடன் சேர்ந்து, 1993இல் அங்கிருந்த பழைய ரோஜாத் தோட்டத்தைப் பெயர்த்தெறிந்துவிட்டு வாழையும் கல்வாழையும் டேலியாவும் நட்டார். ரோஜாவைப் பிடுங்குவது ஆங்கிலேயத் தோட்டக்காரருக்குச் சாதாரணக் காரியமில்லை. பலர் அதிர்ந்துபோனார்கள்.

வெப்பமண்டலக் காட்சி என்றதும் பூவின் நிறம்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. என் கணிப்பில் அந்த மயக்கத்தை உண்டாக்குவது இலையின் அகலம். குளிர்நாட்டுச் செடிகளுக்கு இலை பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும், அதற்குக் காரணமும் உண்டு. இரவில் இலை தன் வெப்பத்தைத் திறந்த வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். இழந்ததைச் சுற்றியுள்ள காற்றிடமிருந்து ஓரளவு திரும்பப் பெறும். ஆனால் இலையை ஒட்டி அசையாத மெல்லிய காற்றுப் படலம் ஒன்று இருக்கிறது. இலை அகல அகல அந்தப் படலமும் தடித்து, வெப்பம் திரும்பி வருவதைத் தடுக்கிறது. மேகமில்லாத இரவில் காற்று 2 டிகிரியில் இருக்கும்போதே அகன்ற இலை உறைநிலைக்குக் கீழே போய்விடலாம். ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் ரைட்டும் அவருடைய குழுவினரும் 7,600க்கும் மேற்பட்ட தாவர இனங்களின் இலைகளை ஒப்பிட்டு 2017இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது: உலகின் பெரும்பகுதியில் இலையின் அளவுக்கு எல்லை போடுவது இரவுக் குளிர்.

அப்படியானால் குளிர்நாட்டு வாசலில் பெரிய இலைக்கு எங்கே போவது? அங்கேயே தாக்குப்பிடிக்கும் செடிகளிடம்தான் முதலில் போக வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த ஃபாட்சியா, கைவிரல்களை விரித்ததுபோன்ற பளபளக்கும் இலையோடு நிழலிலும் செழிக்கும். சூசான் பனை என்ற சீனத்து விசிறிப் பனையை 1849இல் இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தவர் ராபர்ட் ஃபார்ச்சூன். சீனத் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கடத்திவந்த அதே ஃபார்ச்சூன்தான். இந்தப் பனை மைனஸ் 10 டிகிரியையும் தாங்கும். தண்டைச் சுற்றியுள்ள நாரைக்கொண்டு சீன உழவர்கள் மழைக்கோட்டு பின்னினார்கள்.

இவற்றையெல்லாம்விட எனக்கு வியப்பூட்டுவது பாலோனியா. இதுவும் சீனத்து மரம், குளிருக்கு அஞ்சாது. விட்டால் ஓங்கி வளர்ந்து ஊதாப் பூப் பூக்கும். தோட்டக்காரர்கள் அதை விடுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் குளிர் முடியும் தறுவாயில் தரையோடு வெட்டிவிட்டு, துளிர்ப்பவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுவார்கள். ஒரு முழு மரத்துக்கான வேர் சேர்த்துவைத்த உணவெல்லாம் அந்த ஒற்றைத் துளிருக்குப் போகிறது. கோடை முடிவதற்குள் அது ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். இலை ஒவ்வொன்றும் இரண்டடி அகலம்வரை விரியும். பூவைக் கைவிட்டால் இலை கிடைக்கும் என்பது கணக்கு.

இந்த நிலையான செடிகளை முதலில் நட்டுவிட்டால், குளிர்காலத்தில் மற்றதெல்லாம் மறைந்த பிறகும் வாசல் மொட்டையாகத் தெரியாது. வீட்டின் செங்கல் சுவரும் இதில் ஒரு துணை. பகலில் வாங்கிய வெயிலை இரவில் மெல்ல விடுவதோடு, வானத்தின் ஒரு பாதியை மறைத்து இலையின் வெப்ப இழப்பையும் குறைக்கிறது. நொய்ந்த செடிகளுக்குத் தெற்கு நோக்கிய சுவரடியைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் இறவாரத்துக்குக் கீழே மழை சரியாக விழாது என்பதால், மழை பெய்யும் நாட்டிலும் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இனி கோடைக்கு மட்டும் வந்து போகும் விருந்தாளிகள். மே மாதக் கடைசியில், உறைபனி இனி வராது என்று உறுதியான பிறகு, கல்வாழையும் சேம்பும் டேலியாவும் வெளியே வரும். ஜூனில் லண்டனில் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல் நீளும். நம் நாட்டில் கிடைக்காத அந்த நீண்ட வெளிச்சத்தில், நீரும் எருவும் தாராளமாகக் கிடைத்தால் அவை பாய்ந்து வளரும். மண் கண்ணில் படாதபடி நெருக்கி நட வேண்டும், அந்த நெரிசலே காடு. ஆமணக்கை வாசலில் வைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அதன் விதை கொடிய நஞ்சு. தெருக் குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்தில் காய்க்க விடாமல் பூங்கொத்தை முன்பே வெட்டிவிடுவது நல்லது.

இந்தத் தோட்டத்தின் நாயகன் வாழைதான். மூசா பாஸ்ஜூ எனும் இந்த வாழைக்குப் பூர்வீகம் தென்சீனம். ஜப்பானில் நெடுங்காலமாக வளர்ந்து, அங்கே பாஷோ என்று பெயர் பெற்றது. ஹைக்கூக் கவிஞர் பாஷோ தன் குடிசையோரம் சீடர் நட்டுத் தந்த இந்த வாழையின் பெயரைத்தான் தன் பெயராக வைத்துக்கொண்டார். காய் விதை நிறைந்தது, வாயில் வைக்க முடியாது. காற்றடித்தால் இலை நார்நாராகக் கிழியும். வாழைக்கு அது கேடில்லை. பக்க நரம்புகளின் ஓரமாகவே கிழிவதால் நடுநரம்பு முறியாமல் காற்று ஊடே போய்விடுகிறது.

மரம் என்று நாம் சொல்வது ஒன்றையொன்று சுற்றிய மட்டைகளின் உருளை, உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. குளிர்நாட்டில் வாழை பிழைப்பதற்கு இந்த அமைப்புதான் வழி. முதல் உறைபனி இரவில் இலைகள் வெந்த கீரைபோல் துவண்டு கறுத்துவிடும். செல்களுக்கு வெளியே உருவாகும் பனிக்கட்டி உள்ளிருக்கும் நீரை இழுத்துக்கொள்ள, சவ்வு சிதைந்துபோகிறது. கிழங்கின் மேல் தடிமனாக இலைச்சருகு மூடாக்குப் போட்டால் உயிர் தங்கும். உயரமும் தங்க வேண்டுமானால் வேலை அதிகம். கறுத்த இலைகளை வெட்டி, மட்டை உருளையைச் சுற்றிக் கம்பிவலையைக் கூண்டாக நிறுத்தி, உள்ளே வைக்கோலைத் திணித்து, மழைநீர் இறங்காமல் உச்சியை மூட வேண்டும். குளிரைவிட ஈரமே பல வாழைகளை அழுகவைத்துக் கொல்கிறது.

ஏப்ரலில் கூண்டைப் பிரிக்கும்போது அந்த உருளையைக் கையால் அழுத்திப் பார்ப்பார்கள். மேல்பகுதி கூழாக இருந்தால் கத்தியால் வில்லை வில்லையாக அரிந்துகொண்டே கீழே வருவார்கள். வெள்ளையாக, இறுக்கமாக உள்பகுதி தெரிந்ததும் கத்தி நிற்கும். சூடு கொஞ்சம் ஏறியதும், வெட்டுவாயின் நடுவிலிருந்து சுருட்டிய பச்சைக் குருத்து ஒரு விரல்கடை எழும்பி நிற்கும்.