இராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்

கழக்கூட்டத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். சென்ற மாதம் ஒரு மாலை, பேத்தி கணக்கு நோட்டோடு வந்து, "தாத்தா, 60-க்கு எத்தனை காரணி?" என்றாள். பன்னிரண்டு. 60-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. தனக்கு முந்திய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் மிஞ்சும் இத்தகைய எண்ணை மிகு பகுஎண் என்று சொல்லிக்கொள்ளலாம். அடிக்கு 12 அங்குலம், நாளுக்கு 24 மணி, 60 நாழிகை, வட்டத்துக்கு 360 பாகை எல்லாம் இந்த இனம்தான். பங்கு போட வசதி!

இவற்றைப் பற்றி நம் கும்பகோணத்து இராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்தபோது 1915-இல் நீண்ட கட்டுரை ஒன்று வெளியிட்டார். ஊரில் எஃப்.ஏ. தேறாதவருக்கு 1916-இல் பி.ஏ. பட்டம் வாங்கித் தந்தது இந்த ஆய்வுதான். டிப்ளமோக்காரனான எனக்கு இதைச் சொல்லும்போது குரல் சற்றுக் கம்மும்.

கட்டுரையில் நூற்றுக்கு மேற்பட்ட மிகு பகுஎண்களின் அட்டவணை உண்டு. கடைசி எண் 6746328388800. கணிப்பொறி இல்லாத காலம். அதில் ஒரே ஓர் எண் விட்டுப்போயிற்று: 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

பேத்தியும் நானும் தாளில் பிரித்துப் பார்த்தோம். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. ஒரு காரணியை அமைக்க 2-ஐ ஒரு தடவைகூட எடுக்காமலும் விடலாம், ஆறு தடவை வரையும் எடுக்கலாம். ஆக ஏழு வழி. அப்படியே மற்றவற்றுக்கும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2 = 5040 காரணிகள். (முதல் தடவை நான் ஒரு 2-ஐ விட்டுவிட்டேன். பேத்திதான் பிடித்தாள்.)

"இதைவிடச் சின்ன எண்ணுக்கு 5040 இல்லை என்று எப்படித் தெரியும்?" என்றாள். நல்ல கேள்வி. எல்லா எண்ணையும் சோதிக்க வேண்டாம். பெரிய பகா எண் சிறியதைவிட அதிக முறை வந்தால், இரண்டையும் இடம் மாற்றிவிடலாம். காரணிகள் அத்தனையே இருக்கும், எண் சிறுத்துவிடும். ஆகவே, 6, 4, 2, 2, 1 என்று ஏறாமல் இறங்கி வரும் அமைப்புகளை மட்டும் பார்த்தால் போதும். அவையும் ஏராளம். அதற்கு மட்டும் மகனின் கணிப்பொறியை நாடினோம்.

முந்திய மிகு பகுஎண் 240940299600, காரணிகள் 4800. அடுத்தது 321253732800, காரணிகள் 5376. இடையில்தான் நம் எண் நழுவியது. வேடிக்கை என்னவென்றால், அதை 23-ஆல் பெருக்கினால் 6746328388800. அட்டவணையின் கடைசி வரிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது!

வேலையில் சேர்ந்த புதிதில், மழைக்கு முன்பு பார்க்க வேண்டிய கல்வெர்ட்டுகளின் பட்டியலில் ஒன்றை விட்டுவிட்டேன். எத்தனை முறை சரிபார்த்தும் கண்ணில் படவில்லை. கேங்மேன் ஒருவர், "அந்த ஓடைக்கல்வெர்ட் எங்கே சார்?" என்று கேட்டதால் தப்பினேன். இப்போதும் சில இரவுகளில் அந்த ஓடை நினைவுக்கு வரும். பேத்தியிடம் அதையும் சொன்னேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளை 2520-இல் தொடங்கச் சொல்லுங்கள். ஒன்று முதல் பத்து வரை எல்லாமே அதை மீதியின்றி வகுக்கும். காரணிகள் 48 வர வேண்டும்.