புரதம் செய்யாத ஆர்.என்.ஏ.வுக்குப் புற்றுநோயில் என்ன வேலை?

‘நீண்ட குறியாக்கமற்ற ஆர்.என்.ஏ.’ என்ற சொல் புற்றுநோய் பற்றிய செய்திகளில் இப்போது அடிக்கடி வருகிறது. பெயர்தான் வாயில் நுழையாது. விஷயம் அவ்வளவு கடினமில்லை.

செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வை மூலப் பத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றாட வேலைக்கு யாரும் மூலத்தை வெளியே எடுப்பதில்லை, ஜெராக்ஸ்தான் எடுப்பார்கள். அந்த ஜெராக்ஸ்தான் ஆர்.என்.ஏ. அதைப் படித்துத்தான் செல் புரதங்களைச் செய்கிறது.

எல்லா நகலும் புரதமாகுமா? இல்லை. டி.என்.ஏ.வில் புரதத்துக்கான பகுதி 2 சதவீதத்துக்கும் குறைவு. மற்ற பகுதிகளிலிருந்தும் ஏராளமான நகல்கள் எடுக்கப்படுகின்றன. அவற்றுள் 200 நியூக்ளியோடைடுகளுக்கு (ஆர்.என்.ஏ.வின் ‘எழுத்துகள்’) மேல் நீண்டவைதான் நம் கதாநாயகர்கள். வெகுகாலம் இவற்றைக் குப்பை என்றே நினைத்திருந்தார்கள். இவற்றில் சில மேஸ்திரி வேலை பார்க்கின்றன என்பது பிறகுதான் தெரிந்தது: எந்த மரபணு வேலை செய்யலாம், எது சும்மா இருக்க வேண்டும் என்பதில் இவற்றுக்கும் கை உண்டு.

புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு? மாலட்1 என்ற ஒன்றை மட்டும் பார்ப்போம். நுரையீரல் புற்று ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்டும் சிலருக்குப் பின்னாளில் அது பிற உறுப்புகளுக்குப் பரவியது. அவர்களுடைய கட்டிகளில் மாலட்1 அதிகமாக இருந்ததை 2003-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் கண்டார்கள்.

மாலட்1-க்கு ரத்தக்குழாயோடும் தொடர்பு உண்டு. எப்படி? ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமானால் கட்டிக்கு ரத்தம் வேண்டும். இதை 1971-இல் எடுத்துச் சொன்னவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன். ஆக்சிஜன் போதாதபோது கட்டி வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து, பக்கத்து ரத்தக்குழாய்களைத் தன் பக்கம் கிளைவிடச் செய்கிறது. அதே ஆக்சிஜன் பற்றாக்குறையில் ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களில் மாலட்1-உம் கூடுகிறது. ஃபிராங்ஃபர்ட் ஆய்வாளர்கள் 2014-இல் மாலட்1-ஐ அடக்கிப் பார்த்தபோது, எலிகளின் விழித்திரையில் ரத்தக்குழாய் வளர்ச்சி குறைந்தது.

அப்படியானால் மாலட்1-ஐ அடக்கினால் போதாதா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறவியிலேயே மாலட்1 இல்லாத எலிகள் நலமாகவே வாழ்கின்றன என்று 2012-இல் தெரிந்தது நம்பிக்கையைக் கூட்டவும் செய்தது. ஆனால் 2018-இல் வெளியான மார்பகப் புற்று ஆய்வு ஒன்றில், மாலட்1 இல்லாத எலிகளில் நோய் அதிகமாகப் பரவியது. மாலட்1-ஐத் திருப்பிக் கொடுத்ததும் பரவல் குறைந்தது. ஒரு புற்றில் எதிரி, இன்னொன்றில் காவலாளியா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆகவே ஒரு ஆர்.என்.ஏ.வின் அளவை மட்டும் காட்டி யாராவது உங்களைப் பயமுறுத்தினால் நம்பிவிடாதீர்கள்.

நோயாளியாக நீங்கள் இந்த வகை ஆர்.என்.ஏ.வை எங்கே சந்திக்கலாம்? புரோஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள சுரப்பி) புற்றில் சந்திக்கலாம். அங்கே பெருகும் பி.சி.ஏ.3-உம் இதே வகை ஆர்.என்.ஏ.தான். சிறுநீரில் அதை அளக்கும் பரிசோதனைக்கு 2012-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பயாப்சியில் (ஊசியால் சதை எடுத்துச் சோதிப்பது) புற்று இல்லை என்று வந்தும் சந்தேகம் தீராத, 50 வயதைத் தொட்ட ஆண்களுக்கு மறுபடி ஊசி குத்த வேண்டுமா என்று முடிவெடுக்க அது உதவும். புற்று இருக்கிறதா என்பதை அது உறுதி செய்யாது.

மருந்து உண்டா? மாலட்1-ஐ அடக்கும் புற்றுநோய் மருந்து எதுவும் இன்னும் அனுமதி பெறவில்லை. ‘ஆர்.என்.ஏ. சத்து’ என்று யாராவது மாத்திரை விற்றால் காசைக் கொடுத்துவிடாதீர்கள். வாய்வழி உண்ணும் ஆர்.என்.ஏ. குடலில் செரித்துவிடும்.

ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகள் மட்டும் புழக்கத்தில் இருக்கின்றன. வி.இ.ஜி.எஃப்.-ஐப் பிடித்து முடக்கும் பெவாசிஸுமாப், பெருங்குடல் புற்றுக்காக 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உங்கள் வீட்டில் யாருக்காவது அதை ஏற்றினால் பிபி எகிறலாம், தவறாமல் பார்த்து வாருங்கள். மூக்கிலோ மலத்திலோ ரத்தம் தெரிந்தால் அடுத்த ஊசி நாள்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். காயம் ஆறவும் புது ரத்தக்குழாய் வேண்டுமல்லவா? அதனால்தான் அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 28 நாள் முன்பே இந்த மருந்தை நிறுத்துகிறார்கள். பல் பிடுங்கப் போனாலும் மருந்தின் பெயரைப் பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.