பழைய காருக்கு வீட்டிலேயே முலாம் பூசலாமா? போல்ட்டுக்கு ஓகே... பம்பருக்கு வேண்டாம்!

கோவைக்கும் மோட்டார் வண்டிகளுக்கும் உள்ள பந்தம் நூறு வருடத்துக்கும் மேலானது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே பஸ் ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர் ஜி.டி.நாயுடு. அவர் பெயர் சொல்லும் கார் மியூசியம் 2015 முதல் அவிநாசி சாலையில் இயங்குகிறது. அங்கே நிற்கும் பழைய கார்களில் பெயின்ட்டுக்கு முன்பே கண்ணைப் பறிப்பது பம்பர், ஹெட்லைட் வளையம், கதவுக் கைப்பிடி ஆகியவற்றின் பளபளப்புதான்.

அப்பா ஓட்டிய அம்பாசடரையோ, தாத்தாவின் பிரீமியர் பத்மினியையோ மறுபடி ரோட்டில் இறக்க நினைப்பவர்கள் திணறுவதும் இந்த இடத்தில்தான். அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. பத்மினி அதற்கும் வெகுகாலம் முன்பே நின்றது. புதிய பாகம் கிடைப்பது கஷ்டம். இருக்கும் பாகத்துக்கே மறுபடி முலாம் பூசியாக வேண்டும். 'வினிகரும் ஒரு சார்ஜரும் போதும், வீட்டிலேயே செய்யலாம்' என்று சொல்லும் வீடியோக்கள் ஏராளம். அது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

முலாம் எப்படி ஒட்டுகிறது?

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வெள்ளீயத்தை உருக்கித் தேய்ப்பார்கள். எலெக்ட்ரோபிளேட்டிங்கில் அந்த வேலையை மின்சாரம் செய்கிறது. உலோக உப்பு கரைந்த திரவத்தில், பூச வேண்டிய பாகத்தை மைனஸ் முனையிலும், பூசும் உலோகத்தைப் பிளஸ் முனையிலும் தொங்கவிடுவார்கள். மின்சாரம் பாயும்போது ஒருபக்கம் உலோகம் கரையும். மறுபக்கம் அது மெல்லிய படலமாகப் படியும்.

இந்த அறிவியலுக்கு நம் ஊரிலேயே ஒரு தேசிய ஆய்வு மையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடியில் உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்தான் அது. 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-ல் திறக்கப்பட்டது.

துத்தநாகம் வேறு... குரோம் வேறு!

காரில் உள்ள போல்ட், நட், கிளாம்ப், பிராக்கெட் போன்றவற்றில் பெரும்பாலும் இருப்பது துத்தநாகப் பூச்சு, அதாவது ஜிங்க். இதன் வேலை அழகு காட்டுவது அல்ல. கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் அரிந்து, கீழே உள்ள இரும்பைக் காப்பாற்றும். கால்வனைஸ் வாளி சட்டென்று துருப்பிடிக்காததும் இதனால்தான்.

பம்பரின் பளபளப்பு வேறு கதை. குரோம் படலம் ஒரு மைக்ரானைவிடவும் மெல்லியது. தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. உண்மையில் இரும்பைக் காப்பது அதற்கு அடியில் இருக்கும் நிக்கல். பல சமயம் அதற்கும் கீழே செம்பு இருக்கும். நிக்கலில் சின்ன ஓட்டை விழுந்தாலும் துரு உள்ளே புகுந்து, குரோம் தோல் தோலாக உரியும்.

வீட்டில் எதைச் செய்யலாம்?

சின்னச் சின்ன போல்ட், பிராக்கெட்டுகளுக்கு ஜிங்க் பூசிப் பார்க்கலாம்.

* பாகத்தைத் தேய்த்து, எமரி பேப்பரால் துருவை எடுத்து, எண்ணெய்ப் பசை போகச் சோப்பு நீரில் கழுவுங்கள். முலாம் உரிவதற்கு முக்கியக் காரணமே சரியாகச் சுத்தம் செய்யாததுதான்.

* ஒரு லிட்டர் வெள்ளை வினிகரில் 100 கிராம் பேதி உப்பைக் கரைத்து, சுத்தமான துத்தநாகத் தகட்டை ஓர் இரவு ஊறவிடுங்கள். பாத்திரத்தை இறுக மூட வேண்டாம், ஹைட்ரஜன் வாயு வரும்.

* வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள பவர் சப்ளை தேவை. 20 சதுர செ.மீ. பரப்புள்ள போல்ட்டுக்கு 0.2 ஆம்பியர் போதும். அரை மணி நேரத்தில் அதிகபட்சம் 8 மைக்ரான் வரை படியலாம். வீட்டுக் கலவையில் அதைவிடக் குறைவாகவே படியும்.

* பாகம் கறுத்து, பொடிப் பொடியாக வந்தால் கரன்ட் அதிகம் என்று அர்த்தம்.

கையுறை, கண்ணாடி கட்டாயம். வேலையைக் காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல் செய்யுங்கள். சமையல் பாத்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது. குழந்தைகளை அருகில் விடவே கூடாது.

இவற்றைத் தொடவே வேண்டாம்

*குரோம்:* வழக்கமான குரோம் தொட்டியில் இருப்பது ஹெக்ஸாவேலன்ட் குரோமியம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதிப்படுத்திய பொருள் இது. தொட்டியிலிருந்து எழும் நுண்திவலையைச் சுவாசிப்பதே ஆபத்து. பழைய குரோமை வீட்டில் உரிப்பதும் வேண்டாம்.

*எவர்சில்வர்:* துத்தநாகம் கிடைக்கவில்லை என்று எவர்சில்வர் கரண்டியைப் பிளஸ் முனையில் மாட்டுகிறார்கள் சிலர். எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது. அதே விஷம் உங்கள் பக்கெட்டில் உருவாகலாம்.

*பாதுகாப்புப் பாகங்கள்:* ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷன் போல்ட்டுகள், ஸ்பிரிங்குகளுக்கு வீட்டு முலாம் கூடாது. பூசும்போது உருவாகும் ஹைட்ரஜன், கடினமான எஃகுக்குள் புகுந்து அதை முறியும் தன்மையாக்கிவிடும். தொழிற்சாலைகளில் இதற்காகவே பாகத்தைச் சுமார் 200 டிகிரியில் பல மணி நேரம் சூடாக்குகிறார்கள். வீட்டில் பூசிய போல்ட் பார்க்கப் புதுசாகத்தான் இருக்கும். ஆனால், ஓடும் வண்டியில் எப்போது முறியும் என்று சொல்ல முடியாது.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

கொங்கு மண்ணுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறியது. 2011-ல் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு நிலைமை போனது.

முலாம் பட்டறைகளின் கழிவில் இருப்பது உலோகம். அது மக்கிப் போகாது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியம்தான் அதிகபட்ச அளவு என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதாவது, ஒரே ஒரு கிராம் குரோமியம் 20,000 லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். முலாம் பட்டறைகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சிவப்புப் பிரிவில் வைத்திருப்பது சும்மா அல்ல.

எனவே ஜிங்க் திரவத்தைக்கூடச் சாக்கடையிலோ, கிணற்றடியிலோ, தென்னை மரத்தடியிலோ ஊற்றாதீர்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, பெயர் எழுதி வையுங்கள். சுத்திகரிப்பு வசதியுள்ள முலாம் பட்டறையில் கேட்டு ஒப்படையுங்கள்.

பம்பரையும் கிரில்லையும் கொடுக்கப்போகும் பட்டறையிலும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். 'குரோமுக்கு அடியில் எத்தனை மைக்ரான் நிக்கல் போடுவீர்கள்?', 'கழிவுநீரை என்ன செய்கிறீர்கள்?' இரண்டுக்கும் தெளிவாகப் பதில் சொல்லும் பட்டறை கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம். காரும் மினுங்கும், கிணறும் கெடாது.