5 அண்ணன் தம்பிகளின் பெயர் தாங்கிய கப்பல்! அரிசி அளவு எழுத்துக்கு இத்தனை அலைச்சல்

பொம்மைக் கப்பல் செய்வது சிறு பிள்ளைகளின் விளையாட்டு என்று நாம் நினைக்கிறோம். அப்படி அல்ல. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஜப்பானிலும் தலை நரைத்த பெரியவர்கள் கூட இதில் மூழ்கிக் கிடக்கிறார்கள்.

கடையில் ஒரு பெட்டி வாங்குகிறார்கள். அதற்குள் நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை வெட்டி எடுத்து, ஒட்டி, சாயம் பூசுகிறார்கள். நிஜ யுத்தக் கப்பல் ஒன்று மேஜை மீது வந்து நிற்கிறது!

இதில் எது கஷ்டமான வேலை? பீரங்கியா? கயிறு ஏணியா? இல்லை. கப்பலின் பெயரையும் எண்ணையும் அதன் உடம்பில் எழுதுவதுதான் கஷ்டம். அந்தச் சின்ன எழுத்துகளைத் தேடி அலைகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள்.

ஏன் இந்த அலைச்சல்? ஒரு கப்பலின் கதையைச் சொன்னால் உங்களுக்கே விளங்கும்.

175 கப்பல்கள், ஒரே முகம்

இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்கா "பிளெட்சர்" என்ற வகை நாசகாரிக் கப்பல்களைக் கட்டியது. ஒன்று இரண்டு அல்ல. மொத்தம் 175 கப்பல்கள்! ஒவ்வொன்றும் சுமார் 115 மீட்டர் நீளம். 5 பீரங்கிகள். 2 புகைபோக்கிகள்.

மேல்தட்டில் உள்ள கட்டடம் சிலவற்றில் வட்டமாகவும் சிலவற்றில் சதுரமாகவும் இருக்கும். இப்படிச் சில்லறை வித்தியாசங்கள் உண்டு. மற்றபடி எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலத்தான்.

அப்படியானால் எது எந்தக் கப்பல் என்று எப்படித் தெரியும்? முன்புறத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, வெள்ளை நிறத்தில் எண் எழுதியிருப்பார்கள். பின்புறத்தில் பெயர் இருக்கும். அவ்வளவுதான்.

பொம்மைக் கப்பலிலும் இதே கதைதான். ஒரே பெட்டியை வாங்கிப் பல கப்பல்களைச் செய்யலாம். 445 என்று எழுதினால் அது "பிளெட்சர்". 537 என்று எழுதினால்? அது "தி சல்லிவன்ஸ்".

537 என்ற அந்த மூன்று எண்களுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் கண்ணீர் இருக்கிறது.

"யார்?" என்று கேட்டார் தந்தை

அமெரிக்காவில் அயோவா மாநிலம். அங்கே வாட்டர்லூ என்று ஓர் ஊர். அந்த ஊரில் தாமஸ் சல்லிவன் என்ற ரயில்வே தொழிலாளி வாழ்ந்தார். அவருடைய மனைவி அலீட்டா. இவர்களுக்கு ஐந்து ஆண் பிள்ளைகள். ஜார்ஜ், பிரான்சிஸ், ஜோசப், மேடிசன், ஆல்பர்ட். ஜெனிவீவ் என்று ஒரு மகளும் உண்டு.

1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. அதில் சகோதரர்களின் நண்பர் ஒருவர் இறந்துபோனார். ஐந்து பேரும் கொதித்து எழுந்தார்கள். கடற்படையில் சேர முடிவு செய்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள். ஐந்து பேரையும் ஒரே கப்பலில் போட வேண்டும்!

கடற்படை ஒப்புக்கொண்டது. "ஜூனோ" என்ற கப்பலில் ஐந்து பேரும் ஒன்றாக ஏறினார்கள்.

1942 நவம்பர் 13. பசிபிக் கடலில், குவாடல்கனால் தீவின் அருகே கடும் போர். அதில் அடிபட்ட "ஜூனோ" தள்ளாடித் திரும்பிக்கொண்டிருந்தது. அப்போது ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று அதன் மீது டார்ப்பிடோவை ஏவியது. கப்பல் வெடித்துச் சிதறி, ஒரு நிமிடத்துக்குள் மூழ்கிவிட்டது.

கப்பலில் இருந்தவர்கள் சுமார் 700 பேர். நூறு பேருக்கு மேல் தண்ணீரில் உயிரோடு மிதந்தார்கள். உதவி வருவதற்குள் பல நாட்கள் ஓடிவிட்டன. காயமும் தாகமும் சுறா மீன்களும் அவர்களைக் கொன்றன. மிஞ்சியவர்கள் 10 பேர். மூத்தவர் ஜார்ஜ் சில நாட்கள் உயிரோடு தத்தளித்தார் என்று பிழைத்தவர்கள் கூறினார்கள். ஐந்து சகோதரர்களில் ஒருவர் கூட வீடு திரும்பவில்லை. ஜார்ஜுக்கு வயது 27. கடைக்குட்டி ஆல்பர்ட்டுக்கு 20.

1943 ஜனவரியில் கடற்படை ஆட்கள் மூன்று பேர் சல்லிவன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். தாமஸ் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்களைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. ஐந்து பேரில் யார் என்று கேட்டார். ஐந்து பேரும் என்று பதில் வந்தது.

பெயர் மாறியது

அந்தச் சமயத்தில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நாசகாரிக் கப்பல் கட்டப்பட்டு வந்தது. அதற்கு "புட்னம்" என்று பெயர் வைத்திருந்தார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அந்தப் பெயரை மாற்றினார். 1943 பிப்ரவரியில் அது "தி சல்லிவன்ஸ்" ஆயிற்று. "சல்லிவன் சகோதரர்கள்" என்று பொருள்.

1943 ஏப்ரல் 4-ந்தேதி கப்பல் தண்ணீரில் இறங்கியது. அதற்குப் பெயர் சூட்டியவர் யார் தெரியுமா? ஐந்து பிள்ளைகளையும் பறிகொடுத்த தாய் அலீட்டா!

சல்லிவன் குடும்பம் அயர்லாந்து வம்சம். அயர்லாந்துக்காரர்களுக்கு மூன்று இலை கொண்ட ஒரு சிறு செடி அதிர்ஷ்டச் சின்னம். அந்த மூன்றிலையைக் கப்பலின் புகைபோக்கியில் பச்சை வர்ணத்தில் எழுதினார்கள்.

இப்போது யோசியுங்கள். ஒருவர் இரவு பகலாக உட்கார்ந்து இந்தக் கப்பலைச் செய்கிறார். எண்ணையும் பெயரையும் ஒட்டாமல் விட்டால் அது 175-ல் ஏதோ ஒன்று. ஒட்டினால்தான் அது சல்லிவன் பிள்ளைகளின் கப்பல்.

எந்த ஆண்டுக் கப்பல்?

சரி, 537 என்று எழுதிவிட்டால் போதுமா? போதாது. அதை எவ்வளவு பெரிதாக எழுதுவது?

யுத்த காலத்தில் எண் சிறிதாக இருந்தது. பகைவன் கண்ணில் பளிச்சென்று படக்கூடாது அல்லவா? யுத்தம் முடிந்த பிறகு எண் பெரிதாகிவிட்டது. வெள்ளை எண்ணுக்குப் பின்னால் கறுப்பு நிழலும் வைத்து எழுதினார்கள். 1943-ம் ஆண்டுச் சாயம் பூசிய கப்பலில் நிழல் வைத்த பெரிய எண்ணை ஒட்டினால், பாவாடை கட்டிய குழந்தைக்குப் பாட்டியின் மூக்குக் கண்ணாடியை மாட்டியது போல இருக்கும்!

ஆகவே கைதேர்ந்தவர்கள் முதலில் ஆண்டைத் தீர்மானிக்கிறார்கள். பிறகு அந்த ஆண்டில் எடுத்த புகைப்படத்தைத் தேடுகிறார்கள். அமெரிக்கக் கடற்படையின் சரித்திரப் பிரிவிலும் தேசிய ஆவணக் காப்பகத்திலும் ஏராளமான படங்கள் உண்டு. எடுத்த தேதியும் பல படங்களில் இருக்கும். பெட்டியின் மேல் அச்சடித்த வர்ணப் படத்தை நம்பிவிடக் கூடாது. ஓவியர் அழகுக்காக எதையாவது போட்டிருக்கலாம்.

தையல் மெஷினில் இருக்கும் பூ

எழுத்தைக் கையால் எழுதிவிடலாமே என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைகளில் விற்கும் பெட்டிகளில் 350-ல் ஒரு பங்கு அளவும், 700-ல் ஒரு பங்கு அளவும் பிரபலம். முதல் அளவில் இந்தக் கப்பல் 33 சென்டிமீட்டர், ஒரு அடியை விடச் சற்றே அதிகம். இரண்டாவது அளவில் ஒரு சாண் கூட இல்லை.

நிஜக் கப்பலில் ஒரு அடி உயரமுள்ள எழுத்து, 350-ல் ஒரு பங்கில் ஒரு மில்லிமீட்டர் கூட வராது. கடுகை விடச் சிறியது! 700-ல் ஒரு பங்கில் அதிலும் பாதி. எந்தக் கை எழுதும்?

அதற்குத்தான் ஒட்டுப்படம். இது நமக்குப் புதிது அல்ல. பழைய தையல் மெஷினைப் பாருங்கள். கறுப்பு உடம்பில் தங்க நிறப் பூவும் கம்பெனிப் பெயரும் மின்னும். அது தூரிகையால் எழுதியது அல்ல, ஒட்டுப்படம். பீங்கான் கோப்பையில் இருக்கும் ரோஜாப் பூவும் பெரும்பாலும் அப்படி வந்ததுதான்.

ஒரு தாளில் தண்ணீரில் கரையும் பசையைத் தடவுகிறார்கள். அதன் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய வார்னிஷ் படலம். அந்தப் படலத்தில் எழுத்தை அச்சடிக்கிறார்கள். தாளைத் தண்ணீரில் நனைத்தால் பசை இளகுகிறது. எழுத்து படலத்தோடு வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. தேவையான இடத்தில் வைத்தால் ஒட்டிக்கொள்கிறது.

வெள்ளை மை எங்கே?

பெட்டிக்குள்ளேயே ஓர் ஒட்டுப்படத் தாள் இருக்கும். அதில் நமக்கு வேண்டிய கப்பல் இருந்தால் யோகம். இல்லாவிட்டால்தான் அலைச்சல் தொடங்குகிறது.

வீட்டுப் பிரிண்டரில் அச்சடிக்கலாமே? அங்கேதான் சிக்கல். சாதாரண பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது! தாளே வெள்ளை, ஆகவே வெள்ளை மை தேவையில்லை என்று அதைச் செய்தவர்கள் விட்டுவிட்டார்கள். யுத்தக் கப்பலின் எண்ணோ வெள்ளை. ஜப்பானில் "ஆல்ப்ஸ்" கம்பெனி வெள்ளை அச்சடிக்கும் பிரிண்டர் ஒன்றைச் செய்து வந்தது. பொம்மைக் கப்பல்காரர்கள் அதைப் பொக்கிஷமாக வைத்துக்கொண்டார்கள். அதன் உற்பத்தியும் நின்றுபோயிற்று.

சிலர் வெள்ளை ஒட்டுப்படத் தாளில் சாம்பல் நிறத்தை அச்சடித்து, எழுத்தின் இடத்தை மட்டும் வெள்ளையாக விடுகிறார்கள். அந்தச் சாம்பலும் கப்பலின் சாம்பலும் ஒத்துப்போக வேண்டுமே! பத்துக்கு ஒரு தடவை கூட ஒத்துப்போகாது என்பது என் அபிப்பிராயம்.

அதைவிட நல்ல வழி ரயில் வழி. ஆம், ரயில்! பொம்மை ரயில் செய்கிறவர்களுக்காக வெள்ளை எழுத்துத் தாள்கள் விற்கின்றன. சரக்கு வண்டியின் பக்கத்தில் எழுதும் பொடி எழுத்துகள் அவற்றில் வரிசையாக இருக்கும். அந்த எழுத்து கப்பலுக்கும் பொருந்துகிறது. தந்தை ரயில்வே தொழிலாளி, மகன்களின் கப்பலுக்கு ரயில் எழுத்து. என்ன பொருத்தம் பாருங்கள்!

ரயில் தாள் வாங்குகிறவர்கள் எழுத்துகளை எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும். "தி சல்லிவன்ஸ்" என்பதை ஆங்கிலத்தில் எழுத 12 எழுத்துகள். அதில் "எல்" இரண்டு, "எஸ்" இரண்டு. எண்ணுக்கு 5, 3, 7 ஒவ்வொன்றிலும் இரண்டு வேண்டும். கப்பலுக்கு இரண்டு பக்கம் அல்லவா? வழியில் ஒன்று கிழிந்தால் அதோ கதிதான். ஆகவே எப்போதும் கூடுதலாக ஒன்று கைவசம் இருக்கட்டும்.

ஒரு முழத்துக்கு மேல் நீளமுள்ள பெரிய கப்பலாக இருந்தால் வேறு வழி உண்டு. எண்ணின் வடிவத்தை ஒட்டும் தாளில் வெட்டிப் பதித்து, அதன் மேல் வெள்ளைச் சாயத்தைத் தெளிக்கலாம்.

ஒட்டும் விதம்

கப்பலின் சாயம் மங்கலாக இருக்கும். மங்கல் சாயம் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் கொண்டது. அதன் மேல் நேராக ஒட்டினால் அடியில் காற்று தங்கிவிடும். எழுத்தைச் சுற்றி வெள்ளி போல மினுக்கும். அத்தனை உழைப்பும் பாழ்!

இதைத் தவிர்க்க, ஒட்டும் இடத்தில் முதலில் பளபளப்பு வார்னிஷ் பூசிக் காயவிட வேண்டும். எழுத்தின் ஓரத்தை ஒட்டியே வெட்டவேண்டும். சாமணத்தால் பிடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் நனைக்க வேண்டும். விரலால் இழுக்கக் கூடாது. ஈரத் தூரிகையால் தள்ள வேண்டும். நேராக நின்றதும் துணி நுனியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். படலத்தை மெதுவாக்கும் திரவங்கள் கடையில் கிடைக்கின்றன. தண்ணீர் கலந்த வினிகரைத் தொட்டுவைத்தே சமாளிக்கிறவர்களும் உண்டு.

பெயரைப் பின்புறத்தில் ஒட்டும்போது நடு எழுத்திலிருந்து தொடங்குவது நல்லது. ஒரு ஓரத்திலிருந்து தொடங்கினால் கடைசி "எஸ்" எழுத்துக்கு இடம் இருக்காது.

நிஜமான 537, யுத்தம் முடிந்து, கொரியப் போரிலும் கலந்துகொண்டு, 1965-ல் ஓய்வு பெற்றது. 1977-ல் அதை பபலோ நகருக்கு அருங்காட்சியகமாகக் கொடுத்தார்கள். 2022 ஏப்ரலில் அதன் அடிப்பகுதி ஓட்டையாகித் தண்ணீர் புகுந்து, கரையோரத்திலேயே சாய்ந்துவிட்டது. பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்து நிமிர்த்தினார்கள். 1997-ல் அதே பெயரில் புதுக் கப்பல் ஒன்றும் வந்தது. அதன் எண் 68. "ஜூனோ" கப்பல் கடலுக்கடியில் சுமார் 4,200 மீட்டர் ஆழத்தில் கிடப்பதை 2018 மார்ச் 17-ந்தேதி கண்டுபிடித்தார்கள். மூன்றிலை சூடி அயர்லாந்துக்காரர்கள் கொண்டாடும் திருநாள் அது!

அந்த மூன்றிலைக்கு ஒட்டுப்படம் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். குண்டூசி முனையில் பச்சைச் சாயத்தைத் தொட்டு மூன்று புள்ளி வையுங்கள். கீழே ஒரு காம்பு இழுங்கள். எல்லாம் முடிந்ததும் கப்பல் முழுவதும் மங்கல் வார்னிஷ் தெளிக்க வேண்டும். அது காய ஒரு ராத்திரி ஆகும். அதுவரை குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.